ஏறிய பிறகும் மாறாத ஆட்டம்: சவுத்தாம்ப்டன் ரசிகனாக ஒரு பருவம்

எங்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த ரஸ்ஸல் மார்ட்டினை, மேலே ஏறிய பிறகும் ஆட்டப் பாணியை மாற்றவில்லை என்று திட்டுகிறவர்கள் 2024 மே 26-ஐ மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். வெம்பிளியில் லீட்ஸை 1-0 என்று வென்று சவுத்தாம்ப்டன் இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகுக்குத் திரும்பிய நாள் அது. ஆடம் ஆம்ஸ்ட்ராங் அந்த ஒரு கோலை அடித்தபோது எங்கள் வரிசையில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அந்தப் பருவத்தில் தொடர்ந்து 25 ஆட்டங்களில் தோற்காமல் வந்த அணி, கோல்கீப்பரிலிருந்தே சின்னச் சின்ன பாஸ்களாகப் பந்தை நகர்த்தித்தான் வெம்பிளிவரை போனது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்க மாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அதே ஆட்டத்தால் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்ட் 17, முதல் ஆட்டம் நியூகாசிலில். 28ஆவது நிமிடத்திலேயே எதிரணியின் ஃபேபியன் ஷார் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேருக்கு எதிராக ஆடினோம். பந்தும் பெரும்பாலும் எங்கள் கால்களில்தான் இருந்தது. ஆனாலும் 0-1. எங்கள் கோல்கீப்பரின் பிசகிய பாஸ் நியூகாசிலின் இசாக்கிடம் போனது, அவர் ஜோயலின்டனுக்குத் தள்ளினார், கோல். பருவம் முழுவதும் நடக்கப்போவது அந்த ஒரு காட்சியில் அடங்கியிருந்தது.

2019-இல் விதி மாறியதிலிருந்து கோல் கிக்கை (கோல் முனையிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதையை) கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பெட்டிக்குள்ளேயே சக வீரர் வாங்கிக்கொள்ளலாம். எதிரணியை அருகே இழுத்து, அவர்களுக்குப் பின்னால் திறக்கும் இடத்துக்குப் பந்தைக் கடத்துவதுதான் மார்ட்டினின் திட்டம். ஒரு படி கீழான சாம்பியன்ஷிப் லீகில் பந்தைப் பிடிக்க ஓடிவருகிறவர் ஒரு நொடி தாமதமாக வருவார்; அதற்குள் பாஸ் போய்விடும். பிரீமியர் லீகில் அந்த ஒரு நொடியைத் தருவதற்கு யாரும் இல்லை.

நவம்பர் 24 அன்று லிவர்பூலுடன் நடந்த ஆட்டத்தைச் சொல்கிறேன். புயல் மழை. எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எங்கள் பழைய மைதானமான டெல் காலத்து ஆள். 1976-இல் பாபி ஸ்டோக்ஸ் அடித்த கோலால் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றதை நேரில் கண்டவர். கோல்கீப்பர் பந்தைக் காலடியில் வைத்து நின்றாலே அவர் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார். 30ஆவது நிமிடத்தில் எங்கள் பெட்டியோரம் பாஸ் வரிசை அறுந்தது. லிவர்பூலின் சோபோஸ்லாய் வளைத்து கோல் அடித்துவிட்டார். "அடித்துத் தூர அனுப்பேன்!" என்று கத்தினார் பெரியவர். பின் வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர், "அடித்து அனுப்பினால் அடுத்த நிமிடமே திரும்பி வரும், நம்மிடம் அதை எட்டிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?" என்று பதில் கொடுத்தார். சண்டை முற்றுவதற்குள் ஆம்ஸ்ட்ராங் சமன் செய்தார். இடைவேளைக்குப் பிறகு எங்கள் மட்டேயஸ் ஃபெர்னாண்டஸ் அடித்து 2-1. ஏறக்குறைய பத்து நிமிடம் பட்டியலின் முதலிடத்து அணியை முந்தி நின்றோம். இளைஞர் பெரியவரின் தோளைத் தட்டினார், பெரியவரும் சிரித்தார். அதன்பின் லிவர்பூலின் சாலா இரண்டு அடித்தார். 2-3.

லீட்ஸ் ரசிகரான அலுவலக நண்பர் ஒருவர் மார்ட்டின் பக்கம் பேசினார். 2020-இல் ஏறி வந்த, பயிற்சியாளர் பியெல்சாவின் லீட்ஸ் முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 3-4, டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 2-6 என்று வாங்கியும் மாறவில்லை. கடைசியில் 59 புள்ளிகளுடன் ஒன்பதாம் இடம். துணிந்தவனுக்குப் பொறுமை காட்டுங்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது பொருந்தி வரவில்லை. பியெல்சாவின் அணி முழுக்க ஓடியது, ஆளுக்கு ஆள் துரத்தியது. பந்தை இழந்தாலும் பெரும்பாலும் சொந்த கோலிலிருந்து தள்ளித்தான் இழந்தது. நாங்கள் எங்கள் பெட்டிக்குள்ளேயே இழந்தோம். இரண்டும் துணிச்சல்தான், ஆனால் விலை ஒன்றல்ல.

பெரியவர் இன்னொன்றைச் சொன்னார். 2022-23-இல் 101 புள்ளிகளோடு பர்ன்லியை மேலே கொண்டுவந்த பயிற்சியாளர் கொம்பனி, அதே பாணியில் ஆடி 24 புள்ளிகளோடு கீழே இறங்கினார். பிறகு அவருக்குக் கிடைத்தது ஜெர்மனியின் பெரிய அணியான பேயர்ன் மியூனிக். பர்ன்லிக்காரர்களுக்கு மறுபடி சாம்பியன்ஷிப். இதற்கு எதிராக எங்கள் வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 15, டாட்டன்ஹாம். முதல் நிமிடத்திலேயே அவர்களுடைய மாடிசன் கோல். கால் மணி நேரத்துக்குள் மூன்று, இடைவேளைக்குள் ஐந்து. அதற்குமேல் என் வரிசையில் இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஆத்திரத்தைவிட அலுப்புதான் முகங்களில் தெரிந்தது. அன்றிரவே மார்ட்டின் நீக்கப்பட்டார். 16 ஆட்டங்களில் 5 புள்ளிகள்.

அடுத்து வந்த பயிற்சியாளர் இவான் யூரிச் வேறு விதமாக ஆட வைத்துப் பார்த்தார். லீகில் இப்ஸ்விச்சில் வென்ற ஒரு வெற்றிதான் மிச்சம். ஏப்ரல் 6 அன்று, ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கத் தரமிறங்கினோம். பிரீமியர் லீகில் அதற்கு முன் யாரும் அவ்வளவு சீக்கிரம் இறங்கியதில்லை. ஆகவே பாணியை மாற்றியிருந்தால் தப்பித்திருப்போம் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தின் முதல் இருபது நிமிடமாவது கோல்கீப்பர் பந்தை நெடுக அடித்திருந்தால், டாட்டன்ஹாமுடன் அப்படி அவமானப்பட்டிருக்க மாட்டோம். அந்த அளவு விட்டுக்கொடுக்கக்கூட மார்ட்டின் தயாராக இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

மே 10 அன்று மான்செஸ்டர் சிட்டியை எங்கள் மைதானத்தில் 0-0 என்று நிறுத்தினோம். பெட்டியின் முன்னால் அடைந்து நின்று காத்த ஆட்டம். அதனால் கிடைத்த 12ஆவது புள்ளிதான் பிரீமியர் லீகின் மிகக் குறைந்த புள்ளிகளான 2007-08-இன் டார்பி அணியின் 11-ஐத் தாண்ட வைத்தது. பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். இதைப் பார்க்கவா சீசன் டிக்கெட் வாங்கினேன் என்று அந்த இளைஞர் அவரிடம் கேட்டார். வாயில்வரை இருவரும் வாதாடிக்கொண்டே போனார்கள்.