மறு: ஊசி பட்டும் வெடிக்காத தோட்டா – ‘குறையடி’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம். துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் பட்டும், அடி போதாமல் அது வெடிக்காமல் போவதற்கு நம் சொற்பட்டியலில் என்ன பேர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. இதுவரை வந்தவை ‘வெடியாமை’, ‘மென்னடி’, ‘ஊமையடி’. நான் சொல்வது ‘குறையடி’.

கோவை ஐயா தந்த ‘வெடியாமை’ இலக்கணப்படி சரிதான். ஆனால் முல்லைத்தீவுப் பக்கம் அது ஓடாது. ‘வெடிக்காத’ என்று தொடங்கினாலே இங்கே சனத்தின் நினைப்பு காணிக்குள் கிடக்கும் போர்க்காலச் செல்லுக்கும் கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைக்கும் போய்விடும். தவிர, அது விளைவை மட்டும் சொல்கிறது. மருந்து நனைந்தாலும்தான் தோட்டா வெடிக்காது. நாம் பேர் தேடுவது, ஊசி பட்டும் அடி போதாமல் போனதற்கு.

‘மென்னடி’யும் எனக்கு ஒப்பில்லை. பழி முழுக்க ஊசியைத் தள்ளும் வில்லின் தலையில் விழும். கனடாவில் உரிமத்தோடு சுடப் போகும் என் மச்சான் தோட்டாவைத் தானே நிரப்புகிறவர். அவர் சொல்லும் கதை வேறு. கோதின் (தோட்டாவின் உலோகக் கூடு) அடிக்குழியில் பிரைமர் (ஊசி அடிக்க, பொறி தரும் சிறு மூடி) முழுக்க இறங்காமல் நின்றால், முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். பிரைமரின் கிண்ணத்துக்கும் உள்ளே இருக்கும் பட்டடைக்கும் நடுவே அதன் மருந்து நசுங்கினால்தானே பொறி? அதே தோட்டா இரண்டாம் அடிக்கு வெடித்தால் முதலில் குழியைத்தான் பார்க்க வேண்டும். கரி அடைந்திருக்கும், இராணுவக் கோதென்றால் பிரைமர் கழராதபடி குழிவாயை நெரித்த விளிம்பு சீவாமல் விடப்பட்டிருக்கும். பிரைமர் கோதின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்பது கணக்கு. மேடாக நின்றால் விரல் நுனிக்கே தெரியும்.

சன்னத்தை (பறக்கும் குண்டை) இறுக்கக் கோதின் வாயை அளவுக்கு மீறி நெரித்தாலும் இதே கூத்துத்தான். 9 மி.மீ. தோட்டா குழலறையில் (சுடுமுன் தோட்டா இருக்கும் இடம்) வாய்விளிம்பால் தங்கி நிற்பது. அந்த விளிம்பு போனால் முன்னே சறுக்கும், ஊசி எட்டாது. வில் தளர்வதும், ஊசி ஓடும் துளையில் எண்ணெய் இறுகுவதும் உண்டு. அப்போது பெரும்பாலும் கடைத்தோட்டாவும் சேர்ந்து மக்கர் பண்ணும்.

ஆகவே ‘குறையடி’. குறைவேலை என்கிறோம், குறை யாருடையது என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. அக்காவின் ‘ஊமையடி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊமைக்காயம் வெளியே தெரியாது. இங்கே ஊசித்தடம் பளிச்சென்று தெரிகிறது, உள்ளேதான் ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு பதிவு வேண்டும்: அடி பட்டுச் சற்றுப் பிந்தி வெடிப்பது. எங்கள் ‘சுணக்கம்’ இருக்கும்போது தாமதம் எதற்கு? ‘சுணக்கவெடி’ என்றே வைக்கலாம். குறையடியா சுணக்கவெடியா என்று அந்தக் கணத்தில் யாருக்கும் தெரியாது. குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி 30 விநாடியாவது பொறுக்க வேண்டும். இரண்டாம் அடியெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு பதிவின் விளக்கத்திலும் இது வரட்டும்.

கடைசியாக, முழுதாக இருப்பது தோட்டா, பறப்பது சன்னம், மிஞ்சுவது கோது. ‘ரவை’யைத் தலைப்புச் சொல்லாக்க வேண்டாம், இங்கே அது முதல் இரண்டுக்கும் புழங்குகிறது.