பித்தப்பையை எடுத்த பிறகும் விடாத வலி

பயிற்சி மருத்துவராக இருந்தபோது பார்த்த நோயாளி இவர். வட வியட்நாமில் ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவர். புலம்பெயர்ந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐந்தாறு மாதங்களுக்கு ஒருமுறை மேல்வயிற்றில் வலி வரும். உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள். இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். அவர் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் வலி போயிருக்கும். அல்சர் மாத்திரை எழுதி அனுப்பினார்கள். பிறகு ஓரிடத்தில் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். வலி மட்டும் அவரை விடவில்லை.

எங்கள் தலைமை மருத்துவர் ஸ்கேன் உறையைப் பிரிக்கவே இல்லை. முதலில் கேட்டது இதைத்தான்: "சிறுவயதில் ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிட்டதுண்டா?" நோயாளி சிரித்துவிட்டார். அப்பாவோடு எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறாராம்.

பச்சை ஆற்று மீன் வழியாக உடலுக்குள் போகும் கல்லீரல் தட்டைப்புழு, பித்தம் ஓடும் குழாயான பித்தநாளத்துக்குள் 25 ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஊரைவிட்டு வந்துதான் 18 ஆண்டுகள் ஆயிற்றே என்று அதை ஒதுக்கியவனும் நான்தான்.

எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) படத்தில் கல்லீரலின் இடப்பக்க நாளங்கள் வீங்கிக் கிடந்தன, உள்ளே கற்கள். புழு இருந்த நாளங்களில் இப்படிக் கற்கள் சேரலாம். அவை உருவாவதே கல்லீரலுக்குள் என்னும்போது, பித்தப்பையை எடுத்து என்ன பயன்? மலப் பரிசோதனையில் புழுமுட்டை இல்லை. அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. புழு செத்திருந்தாலும் நாளம் அடைத்திருந்தாலும் முட்டை கண்ணில் படாது. எண்டோஸ்கோப்பி வழியாக, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுநாளத்தைச் சுத்தம் செய்தோம். இடப்பக்கக் கற்கள் எட்டவில்லை. கடைசியில் கல்லீரலின் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் புழு பித்தநாளப் புற்றுநோய்க்கும் காரணமாகலாம் என்பதால் இன்றும் அவரைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம்.

*

இதை எழுதும் நான் வேறொருவர்; ஒரு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். மேலே சொன்ன குளிர்காய்ச்சலைப் படித்ததும் ஓர் அம்மா நினைவுக்கு வந்தார். மூன்று முறையும் மகன்தான் உடன் வந்து மொழிபெயர்த்திருக்கிறான். "வயிற்று வலி, கொஞ்சம் காய்ச்சல்" என்பதற்குமேல் அட்டையில் எதுவும் இல்லை. நான்காவது முறை மகனை வெளியே உட்கார வைத்தோம். கதவு மூடியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வலியோடு சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போவதாகச் சொன்னார். அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள்; பித்தநாளம் அடைத்தால் ரத்தத்தில் ஏறி, சிறுநீரைக் கருக்கவைக்கும் பித்த நிறமியான பிலிரூபின் கூடியிருந்தது.