மலையேறி வந்த திசைகாட்டியும் அதில் நின்ற குமிழியும்

நுவரெலியாவிலிருந்து:
கிரகரி வாவியில் படகோட்டும் என் மாமா கேட்டதற்காக, நீர்கொழும்பில் உடைத்த பழைய படகொன்றின், திரவம் நிரப்பிய பித்தளைத் திசைகாட்டியை வாங்கி வந்தேன். கடற்கரையில் பார்த்தபோது கண்ணாடியின் கீழ் குமிழி எதுவும் இல்லை. வீட்டு மேசையில் வைத்தபோதோ சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று நின்றது. ஒழுகுகிறது என்று முடிவு செய்து, அந்தக் குளிர் இரவிலேயே பக்கத் திருகாணியைக் கழற்றி, அதே வகைத் திரவத்தை விளிம்புவரை விட்டு இறுக்கினேன். மறுவாரம் விற்றவரிடம் காட்டுவதற்காக மீண்டும் நீர்கொழும்புக்குக் கொண்டு சென்றேன். நண்பகல் வெக்கையில், கண்ணாடியைச் சுற்றியுள்ள வாஷரின் ஓரமாகத் துளித்துளியாகக் கசிந்து, அவர் வீட்டு வெள்ளை மேசைவிரிப்பில் அது வட்டமாகப் பரவியது. அந்த வட்டம் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

ஹட்டனிலிருந்து:
என்னுடையது அப்பாவின் திசைகாட்டி. பனிமூட்டம் இறங்கிவிட்டால் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கரை எந்தப் பக்கம் என்பதே தெரியாது. அங்கு மீன்பிடிக்கப் போகும்போதெல்லாம் அதை மடியில் வைத்திருப்பார். திரவம் குறைந்திருந்ததைக் கண்டு, தெளிவாகத்தானே இருக்கிறது என்று பெயின்ட் கடைத் தின்னரை ஊற்றினேன். விடிந்து பார்த்தபோது, வடக்கைக் குறிக்கும் கறுப்பு முனை, உள்ளே திசைகள் குறித்த தட்டிலிருந்து உரிந்து, கருகிய கறிவேப்பிலை போல மிதந்து கொண்டிருந்தது. பிளாஸ்டிக் மூடி முழுவதும் மயிரிழை வெடிப்புகள். அப்பா ஒன்றும் பேசாமல் அதைத் துணியில் சுற்றிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

பண்டாரவளையிலிருந்து:
நுவரெலியா நண்பரின் முடிவை நான் ஏற்கவில்லை. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதமே; அத்துடன் குளிரில் திரவமும் சுருங்குவதால், கரையில் கண்ணுக்குத் தெரியாத காற்று மலையில் குமிழியாக வெளிப்படும். பலவேளைகளில் அது கீழே இறங்கினால் தானாகவே மறைந்துவிடும். ஆகவே குமிழியைக் கண்டவுடன் திருகாணியைத் தொடக்கூடாது. குளிரில் நிரப்பிய திரவம் வெக்கையில் விரியும்போது, அடியிலுள்ள இறப்பர் சவ்வு வளைந்து இடம்கொடுக்க வேண்டும். அது இறுகிப் போயிருந்தால் வாஷர்தான் வழிவிடும். சவ்வையும் வாஷரையும் சேர்த்து மாற்றாமல் திரவம் மட்டும் விடுவது வீண்.

ஹட்டன் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய திசைகாட்டிகளில் மதுசாரமும் நீரும் கலந்திருக்கும்; பின்வந்தவற்றில் பெரும்பாலும் கனிய எண்ணெய் வகையே இருக்கும். உள்ளிருக்கும் திரவத்தில் சில துளிகளைத் தண்ணீரில் விட்டால், கலந்துவிடுவது மதுசாரம், மேலே மிதப்பது எண்ணெய். இதை அறியாமல் எதையும் ஊற்றக்கூடாது. நிரப்புவதற்கு முன் காந்தத்தை அருகில் கொண்டுபோய்த் தட்டைச் சில பாகை திருப்பி விடுங்கள்; பழைய குறிக்கே திரும்பி வந்து நில்லாவிட்டால் தட்டைத் தாங்கும் ஊசிமுனை தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் திரவத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன்: பழுதுபார்த்தவர் பித்தளைத் திருகாணிகளுக்குப் பதிலாக இரும்புத் திருகாணிகளைப் போட்டுக் கொடுத்ததால், எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கு பிழையாகவே காட்டியது.

நுவரெலியாவிலிருந்து:
நன்றி ஐயா. நேற்றிரவு சவ்வைக் கழற்றினேன். நகம் பட்டவுடன் அப்பளம் போல நொறுங்கிவிட்டது.