குளோன் எடுத்த எஸ்எஸ்டியில் லேப்டாப் கிளம்பவில்லை, உதவுங்கள்

சுங்கை சிப்புட் டீச்சர்:
வணக்கம். பள்ளி வேலைக்கு வைத்திருக்கும் லேப்டாப் வாங்கி எட்டு வருடம் ஆகிறது, விண்டோஸ் 10. உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு மைலோ கலக்கிக் குடித்து முடித்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கை விட வேகமான டிஸ்க்) வாங்கி, யூஎஸ்பி கேபிளில் மாட்டிக் குளோன், அதாவது பழையதன் நகல், எடுத்தேன். நாலு மணி நேரம் ஓடி, முடிந்தது என்று காட்டியது. உள்ளே மாற்றிப் போட்டால் கறுப்புத் திரை, 'நோ பூட்டபிள் டிவைஸ்' (கிளம்புவதற்கான டிஸ்க் இல்லை) என்கிறது. பழையதைத் திரும்ப மாட்டினால் ஓடுகிறது. டவுனில் ஒரு கடையில் கேட்டேன். திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மட் போடணும், 150 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். வினாத்தாள்கள், மென்பொருள்கள் எல்லாம் இருப்பது இருக்கிறபடியே வேண்டும்.

செம்பனை:
பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) கிளம்பும் முறை யூஇஎஃப்ஐ என்று இருக்கும், அதைப் பழைய முறையான லெகசி ஆக்குங்கள் டீச்சர். எனக்கு அப்படித்தான் வந்தது.

சுங்கை சிப்புட் டீச்சர்:
மாற்றிவிட்டேன் தம்பி. அதே கறுப்புத் திரைதான்.

பழைய லயம்:
டீச்சர், அதை முதலில் யூஇஎஃப்ஐக்கே திருப்பிவிடுங்கள். டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிப்பதில் எம்பிஆர் பழைய முறை, ஜிபிடி புது முறை. தம்பியின் டிஸ்க் எம்பிஆராக இருந்திருக்கும். ஜிபிடி டிஸ்கில் விண்டோஸ் லெகசி முறையில் கிளம்பாது. அப்புறம் ஒன்று, குளோன் எடுக்கும்போது எல்லாப் பகுதியையும் தேர்ந்தெடுத்தீர்களா, சி மட்டுமா?

சுங்கை சிப்புட் டீச்சர்:
சி மட்டும்தான் அண்ணே. மற்றவை 100 எம்பி, 500 எம்பி என்று துக்கடாவாக இருந்தன. புதுசில் இடம் குறைவு என்று விட்டுவிட்டேன்.

பழைய லயம்:
அந்த 100 எம்பி துக்கடாவில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு இஎஃப்ஐ பகுதி என்று பெயர், ஃபேட்32 வடிவம். லேப்டாப் ஆன் ஆனதும் சி டிரைவைத் தேடாது. இதற்குள் இருக்கும் பூட் மேனேஜரைத்தான் தேடும். விண்டோஸ் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அதற்குத்தான் தெரியும். பழைய டிஸ்கைப் போட்டு, எல்லாவற்றையும் டிக் செய்து மறுபடி குளோன் எடுப்பது சுலபம்.

சுங்கை சிப்புட் டீச்சர்:
பேட்டரி செத்துவிட்டது அண்ணே. இங்கே சாயங்காலமானால் இடி மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. இன்னொரு நாலு மணி நேரம் என்றால் பயமாக இருக்கிறது. வேறு வழி?

பழைய லயம்:
உண்டு. எஸ்எஸ்டி மட்டும் உள்ளே இருக்கட்டும். விண்டோஸ் 10 நிறுவும் யூஎஸ்பி ஒன்று தயார் செய்து அதிலிருந்து கிளப்புங்கள். மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை வரும். அதில் 'டிஸ்க்பார்ட்' (டிஸ்க் பகுதிகளைக் கையாளும் கருவி), பிறகு 'லிஸ்ட் டிஸ்க்' அடியுங்கள். எஸ்எஸ்டிக்கு நேராக ஜிபிடி பத்தியில் நட்சத்திரம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், மறுபடி குளோன்தான். இருந்தால் 'லிஸ்ட் வால்யூம்' அடித்து, விண்டோஸ் உள்ள பகுதியை 'செலக்ட் வால்யூம்' போட்டு அதன் எண்ணால் தேர்ந்தெடுங்கள். 'ஷ்ரிங்க் டிசையர்ட்' சமம் 300 கொடுத்தால் 300 எம்பி ஒதுங்கும். 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ' போட்டு, ஃபேட்32-இல் க்விக் ஃபார்மட் செய்து, 'அசைன் லெட்டர்' சமம் எஸ் என்று எழுத்து கொடுங்கள். 'எக்ஸிட்'. கடைசியாக, பூட் கோப்புகளை அந்தப் புதுப் பகுதியில் எழுத 'பிசிடிபூட்', இடைவெளி, விண்டோஸ் கோப்புறையின் முழுப் பாதை, இடைவெளி, ஸ்லாஷ் எஸ், இடைவெளி, எஸ் முக்காற்புள்ளி, இடைவெளி, ஸ்லாஷ் எஃப், இடைவெளி, யூஇஎஃப்ஐ.

டிஸ்கையே காலியாக்கிவிடும் 'கிளீன்' என்ற கட்டளையைக் கை தவறிக்கூட அடிக்காதீர்கள். அப்புறம் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும்.

சுங்கை சிப்புட் டீச்சர்:
எல்லாம் ஆனது, கடைசிக் கட்டளை மட்டும் ஃபெயில்யர் என்கிறது. பாதையில் சி என்றுதான் கொடுத்தேன்.

பழைய லயம்:
யூஎஸ்பியிலிருந்து கிளப்பும்போது எழுத்துகள் மாறலாம். 'லிஸ்ட் வால்யூம்' மறுபடி பாருங்கள்.

சுங்கை சிப்புட் டீச்சர்:
டி-யாக மாறியிருந்தது! வந்துவிட்டது அண்ணே, முகப்புத் திரைப் படம் முதற்கொண்டு அப்படியே இருக்கிறது. பழைய டிஸ்கை அழித்து யூஎஸ்பியில் வைத்துக்கொள்ளலாமா?

பழைய லயம்:
ரெண்டு வாரம் போகட்டும் டீச்சர். அச்சு இயந்திரம், மதிப்பெண் கோப்பு எல்லாம் திறந்து பார்த்த பிறகு அழியுங்கள்.

செம்பனை:
டீச்சர், லெகசி சொன்னதற்கு மன்னிக்கணும்.