கப்பலில் இருந்தபடியே கரையை எப்படி வரைந்தார்கள்?

தக்கலைக்காரி:
ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் 1769-70ல் நியூசிலாந்தைச் சுற்றிவந்து, ஏறக்குறைய ஆறே மாதத்தில் அதன் கரையை வரைந்திருக்கிறார். பெரும்பாலும் கப்பலில் இருந்தபடியே! ஆடுகிற கப்பலில் நின்று, முன்பின் பார்க்காத கரையை எப்படி அளக்க முடியும்? கடல் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கடியப்பட்டணத்தான்:
நான் கப்பலில் வேலை பார்க்கிறவன், அப்பா கட்டுமரத்தில் போனவர். ஒரு மலைமுனை தெரிந்தால், அது எந்தத் திசையில் நிற்கிறது என்று திசைகாட்டியில் பார்த்துக் குறிப்பார்கள். கப்பல் கொஞ்ச தூரம் ஓடியதும் அதே முனையை மறுபடி பார்ப்பார்கள். இரண்டு கோடும் தாளில் எங்கே வெட்டுகிறதோ, அங்கேதான் முனை. இப்படி முனை முனையாகப் புள்ளி வைத்து, இடையில் உள்ள கரையைக் கண்ணால் பார்த்தே வரைவார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஈயக்குண்டு. அதன் அடியில் ஒரு குழி. அதில் மாட்டுக்கொழுப்பை அப்பி இறக்குவார்கள். கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டிவரும். எதுவுமே ஒட்டாமல் வந்தால் அடியில் பாறையாக இருக்கலாம், நங்கூரம் போட யோசிக்க வேண்டும். அதையும் படத்திலேயே எழுதிவிடுவார்கள்.

அப்பா மீன்பார் (மீன் கூடுகிற கடலடிப் பாறை) கண்டுபிடித்ததும் இதே கணக்குதான். எங்கள் கோயில் கோபுரமும் உங்கள் ஊர் வேளிமலையும் ஒரே நேராக வர வேண்டும். பக்கத்தில் முட்டம் லைட்ஹவுஸும் ஒரு பாறையும் நேராக வர வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைகிற இடத்தில் தூண்டிலை இறக்குவார். கணியம் என்போம். தாள் கிடையாது, எல்லாம் தலைக்குள்.

தக்கலைக்காரி:
சரி அண்ணே, தப்பே வராதா?

கடியப்பட்டணத்தான்:
வந்தது மக்கா. பேங்ஸ் தீபகற்பத்தைத் தீவு என்று வரைந்தார் குக். நம்ம கரையைவிட்டு விலகினால் முதலில் மணல் மறையும், அப்புறம் தென்னை, கடைசிவரை நிற்பது மலைதான். அங்கேயும் மலையை நிலத்தோடு சேர்க்கிற பகுதி தாழ்ந்த சமவெளி, தூரத்திலிருந்து அது தெரியாமல் மலை மட்டும் தீவுபோல நிற்கும். தெற்கே ஸ்டூவர்ட் தீவில் நேர்மாறாக நடந்தது: அதை நிலத்தோடு ஒட்டியது என்று நினைத்துவிட்டார். ஆனாலும் அந்தப் படத்தை வைத்துப் பல வருஷம் கப்பல் ஓட்டினார்கள்.

குளச்சல் வாசகன்:
ஜிபிஎஸ் வந்தபிறகு எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கணியம் தெரியவில்லை. அப்பா சொன்னதையெல்லாம் எழுதிவையுங்கள் அண்ணே.

கடியப்பட்டணத்தான்:
எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். முறையை இங்கேயே போடுகிறேன். ஆனால் எந்தப் பாருக்கு எந்தக் கோபுரம் என்பதை அப்பாவைக் கேட்காமல் போடமாட்டேன், அது அவர் சம்பாத்தியம்.