லில்லிப் பூவும் கோழையின் ஈரலும்

கவிதா: பெரியப்பா, ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் மன்னன் ஒரு பணியாளனை ‘லில்லி லிவர்டு பாய்’ என்று ஏசுகிறான். கோழை என்று பொருள் கொடுத்திருக்கிறார்கள். பூவுக்கும் ஈரலுக்கும் பயத்துக்கும் என்ன தொடர்பு?

பெரியப்பா: அது பழைய மருத்துவத்திலிருந்து வந்த வசவு, கவிதா. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் கிரேக்க மருத்துவர், உண்ட உணவு ஈரலில்தான் இரத்தமாகிறது என்று எழுதிவைத்ததை ஐரோப்பியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பினார்கள். துணிவு இரத்தத்தின் சூட்டிலிருந்து பிறக்கிறது என்பதும் அந்த நம்பிக்கையில் அடக்கம். ஆகவே கோழையின் ஈரலில் இரத்தம் ஊறாமல் அது வெளுத்துக் கிடக்கும் என்று எண்ணினார்கள். லில்லி அந்த வெண்மையைச் சொல்ல வந்தது, அவ்வளவுதான்.

சேகர் மாமா: காட்சியையும் பார், கவிதா. பத்தாயிரம் எதிரி வீரர்கள் வருகிறார்கள் என்று சொல்ல வந்த பையன் முகம் வெளிறி நிற்கிறான். “வாத்துகளா?” என்று நக்கலாகக் கேட்கும் மேக்பெத், முகத்தைக் குத்தி அந்தச் சிவப்பால் பயத்தை மூடிக்கொள் என்கிறான். திரிந்த பாலின் தண்ணீர் போன்ற முகம் என்றும் திட்டுவான். வசவு முழுவதும் வெளுப்பு!

அத்தை: நாமும் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோமே, அண்ணா?

பெரியப்பா: ஆமாம், ஆனால் நாம் நடுக்கத்தைச் சொல்கிறோம், அவர்கள் நிறத்தைச் சொன்னார்கள். 1628இல் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேய மருத்துவர், இதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் இரத்தத்தை உணவிலிருந்து உண்டாக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டி, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிறுவினார். ஷேக்ஸ்பியர் 1616இலேயே இறந்துவிட்டார்; அவர் எழுதிய காலத்தில் பழைய நம்பிக்கைதான் இருந்தது.

கவிதா: இந்த வசவை உருவாக்கியவர் அவர்தானா?

பெரியப்பா: ‘வெள்ளை ஈரல்காரன்’ என்ற ஏச்சு அவருக்கு முன்பே இருந்தது. ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், ஆண்ட்ரூ என்னும் பாத்திரத்தை அறுத்துப் பார்த்தால் ஈரலில் ஒரு தெள்ளுப்பூச்சியின் கால் ஒட்டும் அளவுக்குக்கூட இரத்தம் இருக்காது என்று ஒருவர் சொல்வது, என்னைக் கேட்டால், லில்லியைவிடச் சுவையானது.

சேகர் மாமா: லியர் மன்னன் நாடகத்தில் கென்ட் என்னும் பிரபு, ஆஸ்வால்ட் என்னும் பணியாளனை இதே ‘லில்லி லிவர்டு’ என்ற சொல்லால் திட்டுகிறான். அடுத்த சொல்லே, அடி வாங்கினால் திருப்பி அடிக்காமல் வழக்குப் போட ஓடுகிறவன் என்பது!