லாங் டியூப் ஹெடர் போட்ட 1989 மஸ்டாங்: ஆக்சிஜன் சென்சாரை எங்கே வைப்பது?

நண்பர்களே, ஒரு உதவி. என் வண்டி 1989 ஃபோர்டு மஸ்டாங் 5.0, ஹெடர் (இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) மாற்றியதிலிருந்து ஐடிலில் பெட்ரோல் வாடை கண்ணை எரிக்கிறது, பிளக் முனையெல்லாம் கரி. பழைய நேரோபேண்ட் ஆக்சிஜன் சென்சார், காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-க்கு மேலா கீழா என்பதைத் தாண்டி எதுவும் சொல்லாது, முழு த்ராட்டிலில் 12.5 பக்கம் நிற்கிறதா என்று பார்க்கவே, விகிதத்தை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வாங்கினேன். நாலு குழாயும் கலக்கும் கலெக்டரின் கேஸ்கெட் ஓரத்தில் கருப்பாகப் புகைத்தடம் வேறு தெரிகிறது. அங்கே கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், சென்சார் லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்ட, கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலைக் கொட்டும். அந்தக் கேஸ்கெட்டை முதலில் மாற்றிவிடுகிறேன், சரி. அப்புறம் வைட்பேண்டைக் கலெக்டர் முடிவிலேயே வெல்டு செய்து மாட்டலாமா, இன்னும் ஒரு அடி தள்ளியா? பக்கத்துக்கு நாலு சிலிண்டர் உள்ள வி8-க்கு ஒரு பக்கம் மட்டும் போதுமா? ஈரம் தேங்காதபடி மேல்பக்கமாகச் சாய்த்துத்தான் வைப்பேன். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து படத்தோடு சொல்லுங்கள்.